சேட்டிலைட் பிடிக்காத பழைய தண்டர்போல்ட்: சரிசெய்வதா, பிரித்தெடுப்பதா, புதிது வாங்குவதா?

ஐப்பசி அடைமழை நான்கு நாள் கொட்டி ஓய்ந்த மறுநாள் காலை. என் மேசையில் இருக்கும் ட்ரிம்பிள் தண்டர்போல்ட், அதாவது ஜிபிஎஸ் சேட்டிலைட்டுகளைப் பார்த்துத் தன் 10 மெகா ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணைத் துல்லியமாக வைத்துக்கொள்ளும் பெட்டி, ஒரு சேட்டிலைட்டைக்கூடக் காட்டவில்லை. வழக்கமாக ஏழு, எட்டு இருக்கும். அதில் இருப்பதே எட்டு சேனல்தான், சேனலுக்கு ஒரு சேட்டிலைட்.

என் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) ஸ்டேஷனில் எல்லாக் கருவிக்கும் இதன் 10 மெகா ஹெர்ட்ஸ்தான் ஆதாரம். கத்தாரின் எஸ்ஹெய்ல்-2 சேட்டிலைட்டில் உள்ள அமெச்சூர் ட்ரான்ஸ்பாண்டரை (கீழிருந்து வரும் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவி) கேட்க 10,489 மெகா ஹெர்ட்ஸுக்கு மேலே போக வேண்டும். அங்கே பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் 10 கிலோ ஹெர்ட்ஸ் தள்ளிப்போகும். ஒருவர் பேசும் குரலின் அகலமோ 3 கிலோ ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். அதனால் இந்தப் பெட்டி குருடானால் எனக்குக் கை ஒடிந்த மாதிரி.

இந்த நிலைக்கு வந்தவர்களுக்கு மூன்று வழி சொல்வார்கள். பெட்டியை வைத்துக்கொண்டு ஆன்டெனா, கேபிளைச் சரிசெய்வது ஒன்று. அதிலுள்ள, 10 மெகா ஹெர்ட்ஸை உண்டாக்கும் அருமையான ஆஸிலேட்டரை மட்டும் காப்பாற்றி, புது ஜிபிஎஸ் மாட்யூலோடு சேர்ப்பது இன்னொன்று. எல்லாவற்றையும் ஓரம் கட்டிவிட்டு உள்ளங்கை அளவுப் புதுப் பெட்டி வாங்குவது மூன்றாவது. பலர் நேராக மூன்றாவதற்குப் போகிறார்கள். அது அவசர முடிவு என்பது என் திடமான கருத்து.

காரணம், பழி பெரும்பாலும் தவறான இடத்தில் விழுகிறது. ஜிபிஎஸ் தேதியை வார எண்ணாகத்தான் அனுப்புகிறது. அந்த எண் 10 பிட்தான். 1024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் திரும்பியது, அடுத்தது 2038 நவம்பர். தண்டர்போல்ட்டின் மென்பொருளுக்கு அந்த எல்லை 2017 ஜூலை 30-ஆம் தேதி வந்தது. அன்று அது 1997 டிசம்பர் 14 என்று காட்டத் தொடங்கியது. "அதான் சேட்டிலைட் பிடிக்கல" என்று அன்றே பெட்டியைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. ஆனால் தேதிதான் பிசகியதே ஒழிய, 10 மெகா ஹெர்ட்ஸும் நொடிக்கு ஒரு துடிப்பும் துல்லியம் குறையாமல் வந்துகொண்டே இருந்தன. லேடி ஹெதர் என்ற இலவச மென்பொருள் அந்த 1024 வாரத்தைத் தானே கூட்டித் தேதியைச் சரியாகக் காட்டிவிடும்.

முதல் வழிக்கு வருகிறேன். இதில்தான் விஷயம் அதிகம், செலவு குறைவு. கேபிளைக் கழற்றி, பெட்டியின் ஆன்டெனா முனையில் 5 வோல்ட் வருகிறதா என்று மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். வந்தால் அந்தப் பக்கம் நலம். அடுத்து ஆன்டெனா இழுக்கும் கரண்ட். என்னுடையது 22 மில்லி ஆம்பியர் இழுத்தது, பெட்டியின் ஆன்டெனா அலாரமும் அடிக்கவில்லை. ஆன்டெனாவுக்கு ஒன்றுமில்லை என்று ஒரு நாள் முழுக்க நம்பிவிட்டேன். இங்கேதான் பலரும் வழுக்குவது. அந்த அலாரம் டிசி கரண்டை மட்டுமே பார்க்கிறது. கேபிளுக்குள் தண்ணீர் இறங்கினாலும் டிசி பாட்டுக்குப் போகும், 1575.42 மெகா ஹெர்ட்ஸ் ஜிபிஎஸ் சிக்னல் வழியிலேயே செத்துவிடும்.

மறுநாள் மொட்டை மாடியில் ஏறி, ஆன்டெனாவின் அடியில் சுற்றியிருந்த கறுப்பு டேப்பை உரித்தேன். உள்ளே எஃப் கனெக்டரின் திருகில் பச்சைக் களிம்பு. திருப்பியதும் இரண்டு சொட்டுத் தண்ணீர் விரலில் வடிந்தது. கேபிளின் மேலுறையை இரண்டு அங்குலம் சீவினால், வெள்ளியாக இருக்க வேண்டிய பின்னல் கருத்துப்போய்ப் பொடியாக உதிர்ந்தது.

மாற்றுக் கேபிளுக்கு எங்கேயும் அலைய வேண்டாம். டிஷ் டிவிக்குப் போடும் ஆர்ஜி-6 கேபிளில் ஓடுவதே 950 முதல் 2150 மெகா ஹெர்ட்ஸ் வரையான சிக்னல். ஜிபிஎஸ் அதன் நடுவில்தான் இருக்கிறது. 50 ஓம் கருவிக்கு 75 ஓம் கேபிளா என்று தயங்குவார்கள். அந்தப் பொருத்தமின்மையால் கால் டெசிபெல்கூடப் போகாது. "முறையான" 50 ஓம் என்று மெல்லிய ஆர்ஜி-58 போட்டால் 15 மீட்டரில் 10 டெசிபெலுக்குக் குறையாமல் போய்விடும். ஆர்ஜி-6-இல் அதில் பாதிதான். டிஷ் மாட்டும் தம்பியிடம் சொன்னால் கனெக்டரை அழுத்தியே கொடுத்துவிடுவார்.

கேபிளும் சரி, ஆனாலும் பிடிக்கவில்லை என்றால், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் 5 வோல்ட் தாங்கும், அடியில் காந்தம் உள்ள ஜிபிஎஸ் ஆன்டெனா ஒன்றை மாடியில் ஒரு தகரத்தின்மேல் வைத்து நேராகப் பெட்டியில் சொருகிப் பாருங்கள். பொறுமை வேண்டும்: எல்லாச் சேட்டிலைட்டுகளின் அல்மனாக் (எது எங்கே இருக்கும் என்ற பட்டியல்) முழுதாக இறங்கவே 12.5 நிமிடம் ஆகும். வேறு ஊரில் ஓடிய பெட்டியை வாங்கியிருந்தால், பழைய இடத்தையே நம்பிக்கொண்டிருக்கும். செல்ஃப் சர்வேயை மறுபடி ஓட்டுங்கள். 2000 முறை இடத்தை அளந்து சராசரி எடுத்துக்கொள்ளும்.

தண்டர்போல்ட்டுக்கே உரிய ஒரு குணமும் உண்டு. அதன் ஜிபிஎஸ் பகுதி ஓடுவதே அந்த 10 மெகா ஹெர்ட்ஸ் ஆஸிலேட்டரின் துடிப்பில்தான். அந்த ஆஸிலேட்டர் இருப்பது சூடு மாறாத ஒரு சிறு அடுப்புக்குள். அடுப்பு சூடாகாமல் அது பத்து லட்சத்தில் சில பங்கு விலகி நின்றால், சேட்டிலைட்டைத் தேடும் அதிர்வெண்ணே தவறிப்போகும். ஆகவே 12 வோல்ட் சப்ளையை, பெட்டி ஆறியிருக்கும்போது ஆன் செய்து, லோடோடு அளக்க வேண்டும். சூடேறும் அந்தச் சில நிமிடம்தான் அது அதிகம் இழுக்கும். கபாசிட்டர் காய்ந்த சப்ளையின் வேஷம் அப்போது கலைந்துவிடும்.

இரண்டாவது வழி கைவேலைக்காரர்களுக்கு. யூ-ப்ளாக்ஸ் நியோ-எம்8டி போன்ற டைமிங் மாட்யூலில் 72 சேனல். ஜிபிஎஸ்ஸோடு ரஷ்யாவின் க்ளோனாஸும் பிடிக்கும். ஜன்னலோர ஆன்டெனாவில்கூட ஓடும். ஆனால் தண்டர்போல்ட்டில் ரிசீவரும் ஆஸிலேட்டரும் ஒரே பலகையில் பின்னிக் கிடக்கின்றன. ரிசீவரை மட்டும் மாற்ற முடியாது. ஆஸிலேட்டரைப் பெயர்த்து, கட்டுப்பாட்டுச் சுற்றை நாமே கட்ட வேண்டும். புது மாட்யூலின் துடிப்பு தன் சொந்தக் கடிகாரப் படிகளுக்கு ஒட்டித்தான் வரும், நொடிக்கு நொடி சில நானோ செகண்ட் முன்பின்னாகும். அதையும் கழிக்க வேண்டும். தண்டர்போல்ட்டில் அந்தத் தொல்லையே கிடையாது. இதே வகைப் பெட்டியான ஹெச்பி இசட்3801ஏ வைத்திருப்பவர்களுக்கு நிலைமை வேறு: அதில் மோட்டோரோலா ஆன்கோர் ரிசீவர் தனிப் பலகை. அதே மொழி பேசும் மாற்றுப் பலகை கிடைத்தால் இந்த வழி நியாயமானது.

மூன்றாவது, லியோ பாட்னர் போன்ற சிறு பெட்டிகள். யூஎஸ்பியில் ஓடும், சில நிமிடத்தில் ஜிபிஎஸ்ஸோடு பூட்டிக்கொள்ளும், எல்என்பிக்கு (டிஷ்ஷின் முனையில் இருக்கும் ரிசீவர்) வேண்டிய 25 மெகா ஹெர்ட்ஸை நேரடியாகவே தரும். மலைமேல் எடுத்துப்போய் ஸ்டேஷன் போடுபவர்கள் யோசிக்காமல் இதை வாங்கலாம். ஆனால் உள்ளே இருப்பது அடுப்பில்லாத ஆஸிலேட்டர். சேட்டிலைட் தவறிய அரை மணி நேரத்தைப் பழைய பெட்டி தாங்குவதுபோல் இது தாங்காது.

தேவை அதிர்வெண் என்றால் பழைய பெட்டியைச் சரிசெய்யுங்கள். கம்ப்யூட்டர் கடிகாரத்துக்குத் தேதியும் நேரமும் மட்டும்தான் வேண்டும் என்றால் புது மாட்யூல் போதும். அதற்காகத் தண்டர்போல்ட்டைப் பிரிக்காதீர்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று. பெட்டி பகலெல்லாம் நன்றாக ஓடி, இரவு எட்டு மணிக்கு மேல் மட்டும் சேட்டிலைட்டுகளைத் தவறவிட்டால், ஸ்பேனரைத் தொடாதீர்கள். காந்தப் பூமத்திய ரேகை தமிழ்நாட்டின் தென்முனையை ஒட்டிப் போகிறது. மார்ச், ஏப்ரலிலும் செப்டம்பர், அக்டோபரிலும் சூரியன் மறைந்தபின் அயனி மண்டலம் கொதிப்பதுபோல் கலங்கும். சிக்னல் மின்மினியாகத் துடிக்கும். சூரியனின் சீற்றம் மிகுந்த ஆண்டுகளில் இது இன்னும் மோசம். எட்டு சேனல் ரிசீவர்தான் முதலில் தடுமாறும். நள்ளிரவு தாண்டினால் பெரும்பாலும் தானே அடங்கிவிடும்.

புதுக் கேபிள், புதுக் கனெக்டர், அதன்மேல் இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப். கேபிளைக் கனெக்டருக்குக் கீழே ஒரு வளையம் தொங்கவிட்டுக் கட்டினேன், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடட்டும் என்று. கீழே இறங்கி ஆன் செய்த பதினெட்டாவது நிமிடம் எட்டு சேட்டிலைட்.