டர்போவை மாற்றினார்கள், பெட்ரோலை மாற்றவில்லை: என் இன்ஜின் போன கதை

என் வண்டியின் மூன்றாவது சிலிண்டர் பிஸ்டன் இப்போது மேசைமேல் கிடக்கிறது. முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவே இருக்கும் வரம்பு ஒரு விரல் அகலத்துக்குப் பெயர்ந்துவிட்டது. உடைந்த இடத்தில் அலுமினியம் புதுசு போலப் பளபளக்கிறது. டர்போ (எக்ஸாஸ்ட் புகையால் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) மாற்றி வாங்கிய ஐந்தாவது வாரம் இது நடந்தது. பழைய டர்போ வண்டி வைத்துக்கொண்டு, பெரிய டர்போ போட்டால் என்ன என்று யோசிப்பவர்கள் தயவுசெய்து இதை முழுவதும் படியுங்கள்.

வண்டி இரண்டு லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் டர்போ. கம்பெனி வைத்த பூஸ்ட், அதாவது வெளிக்காற்றுக்கு மேல் டர்போ கூட்டித் தரும் அழுத்தம், 0.7 பார். வயதான வண்டிதான், ஆனால் பராமரிப்பில் நான் குறை வைத்ததே இல்லை. வேலைக்குக் கொடுப்பதற்கு முன் கம்ப்ரெஷன் (பிஸ்டன் சிலிண்டரில் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்ற அளவு) எடுத்துப் பார்த்தேன்: நான்கு சிலிண்டரும் 145-லிருந்து 150 பிஎஸ்ஐக்குள் இருந்தன. அந்த அளவுகளைத் தேதி போட்டு எழுதி வைத்தேன். பிற்பாடு எனக்குக் கை கொடுத்தது அந்த ஒரு தாள்தான்.

ஒர்க்ஷாப்காரர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "சார், இது அப்படியே மாட்டிக்கொள்ளும் டர்போ. பூஸ்டை ஏற்றப் போவதில்லை, அதே 0.7தான். பூஸ்ட் மாறாவிட்டால் பெட்ரோலும் மாற வேண்டாம். இன்ஜெக்டர், இசியு எதையும் தொடத் தேவையில்லை." இன்ஜெக்டர் என்பது பெட்ரோலைத் தெளிக்கும் முனை, இசியு என்பது அதன் அளவை முடிவு செய்யும் கம்ப்யூட்டர். கேட்பதற்கு நியாயமாக இருந்தது. நம்பிவிட்டேன்.

அந்தப் பேச்சே தப்பு. பூஸ்ட் மீட்டர் காட்டுவது அழுத்தத்தை. சிலிண்டருக்குள் எவ்வளவு காற்று போகிறது என்று அது சொல்லாது. பெரிய டர்போவின் டர்பைன் பக்கம் விசாலமாக இருக்கும், எக்ஸாஸ்ட் புகை முட்டிக்கொண்டு நிற்காமல் வெளியேறும். சின்ன டர்போ தன் சக்திக்கு மீறிச் சுழலும்போது காற்றைச் சூடாக்கித் தள்ளும். பெரியது அதே அழுத்தத்தைக் குறைந்த சூட்டில் கொடுக்கும். சூடு குறைந்தால் காற்று அடர்த்தியாகும். ஆகவே அதே 0.7 பாரிலும், மேல் ஆர்பிஎம்மில் முன்பைவிட அதிகக் காற்று உள்ளே போகும், அதற்கேற்பப் பெட்ரோலும் அதிகம் வேண்டும். மேனிஃபோல்ட் (சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாய்) அழுத்தத்தைப் பார்த்துப் பெட்ரோல் அளக்கும் என் வண்டியின் பழைய இசியுவுக்கு டர்போ மாறிய விஷயமே தெரியாது. பழைய கணக்கிலேயே அளந்துகொண்டிருக்கும்.

இதோடு விட்டிருந்தாலும் ஒருவேளை இன்ஜின் பிழைத்திருக்கும்.

முதல் இரண்டு வாரம் வண்டி இழுக்கவே இல்லை. முன்பு 2,500 ஆர்பிஎம்மில் முதுகைப் பிடித்துத் தள்ளிய வண்டி, இப்போது 4,000 தாண்டும்வரை தூங்கியது. பெரிய டர்போ சுழன்று வேகம் பிடிக்க அதிகப் புகை வேண்டும், அது அதன் இயல்பு, அதற்காக யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் 4,000-க்கு மேலும் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. திரும்பக் கொண்டுபோய் விட்டேன். அரை நாள் வைத்திருந்து கொடுத்தார்கள். என்ன செய்தீர்கள் என்று இரண்டு முறை கேட்டேன். "சின்ன அட்ஜஸ்ட்மென்ட்தான் சார், ட்யூனிங் பண்ணியாச்சு" என்றார். டைனோ (வண்டியின் சக்தியை அளக்கும் இயந்திரம்) கிராஃப் என்று ஒரு தாளையும் கையில் கொடுத்தார்.

அன்று வண்டி உண்மையிலேயே பறந்தது. அந்தச் சந்தோஷத்தில் இரண்டு விஷயங்களை விட்டுவிட்டேன். ஒன்று, காலையில் ஸ்டார்ட் செய்தால் ஐடிலில் குப்பென்று பெட்ரோல் நாற்றம். பெட்ரோல் தாராளமாகப் போகிறது, இன்ஜினுக்கு ஆபத்தில்லை என்று எண்ணிக்கொண்டேன். இன்னொன்று, ஒரு மேட்டில் மூன்றாவது கியரில் முழுக்க மிதித்தபோது, 5,000 ஆர்பிஎம் பக்கம் ஒரு சத்தம். தகர டப்பாவில் சில்லறையைப் போட்டுக் குலுக்கினால் எப்படி இருக்கும், அப்படி. உடனே போன் செய்தேன். "பெரிய டர்போ சத்தம் அப்படித்தான் சார் இருக்கும், பழகிவிடும்" என்றார். அது டர்போ சத்தமே இல்லை. உள்ளே பெட்ரோல் தானாக வெடித்துப் பிஸ்டனை அடிக்கும் நாக்கிங். வண்டியை ஓட்டாதீர்கள், உடனே கொண்டுவாருங்கள் என்று அவர் சொல்லியிருக்க வேண்டிய நேரம் அது. இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

சில நாளில் நீலப் புகை, இழுவை இல்லை, ஐடிலில் உதறல். வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். பொறுமையான மனிதர், ஒவ்வொன்றையும் என்னை அருகில் வைத்துக்கொண்டே பார்த்தார். கம்ப்ரெஷன்: 145, 148, 70, 140. மூன்றாவது ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். வெள்ளைப் பீங்கான்மேல் ஊசிமுனை அளவில் மின்னும் புள்ளிகள். "இது உங்கள் பிஸ்டன்" என்றார்.

அப்புறம் அழுத்த சென்சாருக்குப் போகும் மெல்லிய ஹோஸைத் தடவிக்கொண்டே போனவர் ஒரு இடத்தில் நின்றார். ஹோஸை வெட்டி நடுவில் ஒரு பித்தளை டி, மூன்று வாய் இணைப்பு. அதன் மூன்றாவது வாயில் ஒரு குட்டித் திருகு வால்வு, வெளிக்காற்றுக்குத் திறந்தபடி. கறுப்பு டேப் சுற்றியிருந்ததால் என் கண்ணில் பட்டதே இல்லை. அழுத்தத்தில் ஒரு பங்கை வெளியே கசியவிட்டு, இசியுவிடம் குறைத்துக் காட்டும் வேலை அதனுடையது. பூஸ்ட் எல்லை மீறினால் பெட்ரோலை நிறுத்தி இன்ஜினைக் காப்பாற்றக் கம்பெனி வைத்த காவலை ஏமாற்றத்தான் அதைச் சொருகியிருக்கிறார்கள். ஐடிலில் மேனிஃபோல்ட் வெளிக்காற்றை உறிஞ்சும் என்பதால், அதே ஓட்டை வழியாக சென்சார் அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும். காலைப் பெட்ரோல் நாற்றத்துக்குக் காரணம் அதுதான்.

பூஸ்ட் எல்லையைத் தொட்டதும் மிச்சப் புகையை டர்பைனுக்குள் விடாமல் வெளியே அனுப்பும் கதவு வேஸ்ட்கேட். அதைக் கம்பியால் திறக்கும் ஆக்சுவேட்டரில் கைப்பம்பை மாட்டி மெல்ல அழுத்தினார். 0.7-ல் கம்பி அசையவில்லை. முள் 1.0 பாரைத் தொட்டபோதுதான் நகர்ந்தது. கம்பியைத் திருகிக் குறுக்கியிருந்தார்கள். ஏற்றவே மாட்டோம் என்று வாக்குக் கொடுத்த பூஸ்ட் அது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வெளிக்காற்றின் ஒரு பாரையும் சேர்த்தால் 1.7 இருந்த இடத்தில் 2.0. காற்று மட்டும் கிட்டத்தட்ட 18 சதவீதம் கூடுதல். இசியுவோ 1.7 என்றே நினைத்துப் பெட்ரோல் தருகிறது. பூஸ்டில் 12 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் இருக்க வேண்டிய கலவை 14-க்கு ஓடிவிடும், பெட்ரோல் போதாமல் சூடு ஏறி நாக்கிங் வரும். முழு பூஸ்டில் அந்தக் கலவையைப் பழைய பிஸ்டன் எத்தனை நாள் தாங்கும்?

அந்த டைனோ தாளை வீட்டில் மறுபடி எடுத்துப் பார்த்தேன். கோடு 7,800 ஆர்பிஎம் வரை போகிறது. என் வண்டி 6,500-லேயே கட் ஆகும். யாருடைய வண்டியின் கிராஃபோ அது. காற்று-பெட்ரோல் விகிதக் கோடு அதில் கிடையவே கிடையாது. டர்போவிலிருந்து ஆயில் இறங்கும் ஹோஸையும் நேராகக் கீழே விடாமல் வளைத்துத் தூக்கி மாட்டியிருந்தார்கள். ஆயில் தேங்கி டர்போ சீல் வழியாகப் புகைவதற்கு அது ஒன்றே போதும்.

கேட்கப் போனபோது, "பழைய இன்ஜின் சார், எப்படியும் போயிருக்கும்" என்றார். என் கம்ப்ரெஷன் தாளைக் காட்டினேன், பேச்சில்லை. டியைக் காட்டினேன், நாங்கள் போடவில்லை என்றார். பில்லில் "டர்போ, ட்யூனிங்" என்று ஒரே வரி, ஒரே தொகை. எதை வைத்து வாதாடுவது? நான் விட்ட பெரிய கோட்டை அந்த பில். பூஸ்ட் எவ்வளவு, என்ன இன்ஜெக்டர், இசியுவில் என்ன மாற்றம் என்று தனித்தனி வரியாக எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

ட்யூனிங் செய்தோம் என்று யாராவது சொன்னால் வைட்பேண்ட் சென்சார் (காற்று-பெட்ரோல் விகிதத்தைப் பூஸ்டிலும் சரியாக அளப்பது) போட்டு எடுத்த பதிவைக் கேளுங்கள். பழைய வண்டியில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் 14.7 என்ற விகிதத்துக்குப் பக்கத்தில் மட்டும்தான் சரியாகச் சொல்லும், பூஸ்டில் அதை நம்ப முடியாது. இன்ஜெக்டர் மேல் ஆர்பிஎம்மில் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்றும் கேளுங்கள். 85 சதவீதத்தைத் தாண்டினால் பெரிய இன்ஜெக்டர் இல்லாமல் அந்த டர்போ வேண்டாம். உங்கள் வண்டியின் கிராஃபை நீங்கள் பக்கத்தில் நிற்கும்போதே எடுக்கச் சொல்லுங்கள்.

இன்ஜினை இறக்கி வேலை நடக்கிறது. பழைய டர்போவையே திரும்பப் போடச் சொல்லிவிட்டேன். இதே மாதிரி "அட்ஜஸ்ட்மென்ட்" செய்த வண்டி உங்களிடம் இருந்தால், மிதிப்பதற்கு முன் பானட்டைத் திறந்து சென்சாருக்குப் போகும் அந்த மெல்லிய ஹோஸை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விரலால் தடவிப் பாருங்கள். டேப் சுற்றியிருந்தால் பிரித்துப் பாருங்கள்.