தமிழ்99-ஆ, ஒலியியல் முறையா?

தங்கையின் கல்யாணப் பத்திரிகையை நான்தான் அடித்துக் கொடுத்தேன். 'மணமக்களை வாழ்த்தியருள' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'மனமக்களை' என்று அச்சாகி, நானூறு பத்திரிகைகளும் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் பெரியப்பா அதைப் பார்த்தார். எனக்கு ண, ன வித்தியாசம் தெரியாமல் இல்லை. தமிழ்ச் சொல்லை அதன் ஒலிப்படி ஆங்கில எழுத்தில் அடித்தால் கணினி தமிழாக்கித் தரும் ஒலியியல் முறையில், ஆங்கில 'என்' விசையை அப்படியே தட்டினால் ன, ஷிஃப்டோடு தட்டினால் ண. அன்று விரல் ஷிஃப்டைத் தவறவிட்டது. அந்த வாரமே, தமிழ் எழுத்துகளுக்கே தனித்தனி விசை தரும் தமிழ்99 விசைப்பலகை அமைப்பைப் பழக ஆரம்பித்தேன். அதற்கு முன் பத்து வருஷம் ஒலியியல் முறை, இப்போது நான்கு வருஷமாகத் தமிழ்99.

விலை, கிடைப்பது பற்றியெல்லாம் யோசிக்க ஒன்றுமில்லை. இரண்டுமே இலவசம். விண்டோஸ் 10-இல் 2019 மே அப்டேட்டோடு தமிழ்99-உம் 'அஞ்சல்' என்ற ஒலியியல் அமைப்பும் வந்துவிட்டன. மேக்கில் இரண்டும் உண்டு. ஐபோனில் 2013-இல் ஐஓஎஸ் 7 வந்ததிலிருந்து உண்டு. பழைய கணினி என்றால் எ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் மாதிரி ஒரு தட்டச்சு மென்பொருளைப் போட்டுக்கொள்ளலாம்.

ஒலியியல் முறைக்கு உள்ள பெரிய பலம், கற்றுக்கொள்ளவே வேண்டாம் என்பது. ஆங்கில விசைகள் பழகியவர் உட்கார்ந்த அரை மணி நேரத்தில் ஒரு கடிதம் அடித்துவிடுவார். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் மென்பொருள் வழியாகத்தான் என்னைப் போன்ற பலர் கணினியில் தமிழுக்குள்ளேயே வந்தோம். அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. அடுத்தவர் கணினியில் அவசரமாக நாலு வரி அடிக்க வேண்டுமென்றாலும் அதுதான் கைகொடுக்கும். விசைப்பலகையில் ஆங்கில எழுத்துதானே அச்சிட்டிருக்கிறது!

ஆனால் நாள் முழுக்கத் தமிழில் எழுதுகிறவருக்கு அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. மனசில் ஒரு தமிழ்ச் சொல் வருகிறது. அதை ஆங்கில எழுத்தாக மாற்றி விரலுக்குச் சொல்கிறோம். கணினி அதைத் திரும்பவும் தமிழாக்கித் திரையில் காட்டுகிறது. வழியில் ந, ன, ண மூன்றும் ஒரே ஒலிக்குள் போய் நெருக்கியடித்துக்கொள்கின்றன. ல, ள இரண்டுக்கும், ர, ற இரண்டுக்கும் இதே கதிதான். சொல்லின் தொடக்கத்தில் 'என்' அடித்தால் ந-வை அதுவாகவே போட்டுவிடும், சரி. 'வெந்நீர்' என்று அடிக்கும்போது நடுவில் வரும் ந்ந-வுக்கு 'டபிள்யூ' விசைக்குப் போக வேண்டும். நான் பல வருஷம் 'வென்னீர்' என்றே விட்டுவிட்டுப் போயிருக்கிறேன். முந்நூறு 'முன்னூறு' ஆனதும் இப்படித்தான். கொஞ்ச நாளில் கண்ணும் அந்தத் தப்புக்குப் பழகிவிடுகிறது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

தமிழ்99-இல் ந-வுக்கு ஒரு விசை, ன-வுக்கு ஒரு விசை, ண-வுக்கு ஒரு விசை. கை தவறினால் பக்கத்து எழுத்து விழும், உடனே கண்ணில் படும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி வந்த அமைப்பு இது. தமிழ்நாடு அரசு இதைத் தரமாக ஏற்றுக்கொண்டது. 12 உயிர், 18 மெய், ஒரு புள்ளி, ஆக 31 விசைகள். ஷிஃப்டைத் தொடாமலே ஆய்தம் நீங்கலாக 246 எழுத்துகளும் வந்துவிடும். ஆய்தத்துக்கும் ஸ, ஷ, ஜ, ஹ போன்ற எழுத்துகளுக்கும் மட்டும்தான் ஷிஃப்ட்.

உயிரெழுத்துகள் இடது கையில். அ, இ, உ, எ நான்கும் நடு வரிசையில், அவற்றின் நெடில்கள் அதற்கு நேர் மேலே. மெய்களில் வ, ங தவிர மற்றதெல்லாம் வலது கையில். அதனால் வலது, இடது, வலது, இடது என்று கை மாறி மாறி ஓடும். உங்கள் விசைப்பலகையில் 'எஃப்', 'ஜே' விசைகளைத் தடவிப் பாருங்கள், சின்ன மேடு இருக்கும். 'எஃப்' மேட்டில் புள்ளி, 'ஜே' மேட்டில் ப. பார்க்காமலே கை வந்து உட்காரும்.

இதில் எனக்குப் பிடித்தது தானாக விழும் புள்ளி. ஒரே மெய்யை இரண்டு தடவை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி வந்துவிடும். ங-வுக்குப் பின் க, ந-வுக்குப் பின் த, ம-வுக்குப் பின் ப என்று இன எழுத்து வந்தாலும் அப்படியே. 'பந்து' என்பதற்கு ப, ந, த, உ, நாலே தட்டு. பத்திரிகையில் நான் கோட்டைவிட்ட 'மணமக்களை' இதில் ம, ண, ம, க, க, ள, ஐ என ஏழு தட்டு. ஒலியியலில் பன்னிரண்டு எழுத்து, அதோடு இரண்டு ஷிஃப்ட்.

குறை இல்லாமல் இல்லை. ண, ச, ஞ, ந, ய, ழ ஆறும் வலது சுண்டுவிரலின் தலையில் விழுகின்றன. முதல் மாதம் எனக்கு அந்த விரல் வலித்தது. சில சின்ன புளூடூத் விசைப்பலகைகளில் ச, ஞ இருக்கும் அடைப்புக்குறி விசைகளைச் சுருக்கி ஓரத்தில் தள்ளியிருப்பார்கள், வாங்குமுன் பாருங்கள். அப்புறம், 'மமதை' மாதிரிச் சொற்களில் தானாக வரும் புள்ளியைத் தடுக்க இரண்டு ம-வுக்கும் நடுவில் அ தட்ட வேண்டும். முதல் இரண்டு வாரம் வேகம் பாதியாகிவிடும், எழுதவே எரிச்சல் வரும். எனக்கு மூன்றாவது வாரக் கடைசியில்தான் பழைய வேகம் திரும்பியது. அவசர வேலை இல்லாத மாதமாகப் பார்த்துத் தொடங்குங்கள்.

கைபேசியைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். இரண்டு கட்டைவிரலால் அடிக்கும்போது கை மாறி ஓடும் லாபம் குறைந்துவிடுகிறது. விசைகளும் சின்னவை. ஆங்கிலத்தில் அடித்தால் சொல்லை ஊகித்துத் தரும் வசதி அங்கே பலருக்குப் போதும். நான் கைபேசியில் எழுதுவது குறைவு, பெரும்பாலும் பேசி அனுப்பிவிடுகிறேன். தட்டச்சுப் பள்ளியில் படித்துத் தேர்வு எழுதியவர்கள் பழைய தட்டச்சு அமைப்பிலேயே இருக்கட்டும். அவர்கள் கை ஏற்கெனவே தமிழில்தான் ஓடுகிறது.

மாதத்துக்கு ஒரு கடிதம் எழுதுகிறவருக்கு ஒலியியல் போதும். தினம் இரண்டு பக்கம் எழுதுகிறவர், ஆங்கிலம் அறியாதவர் இருவருக்கும் தமிழ்99-ஐத்தான் சொல்வேன். அம்மாவுக்கு ஆங்கில எழுத்துகள் தடுமாற்றம். ஐபேடில் தமிழ்99 போட்டுக் கொடுத்தேன். அ எங்கே, ம எங்கே என்று தேடித் தேடித் தட்டிக்கொண்டிருந்தவர், மாமிக்குச் சமையல் குறிப்பு எழுதும்போது 'சாம்பார்' என்று அடித்துவிட்டு நிமிர்ந்தார். "நான் ம-வுக்குப் புள்ளி வைக்கவே இல்லையேப்பா, தானா வந்துடுச்சே!"