அடுத்தடுத்த கட்டில், வேறு வேறு மூளையழற்சி

வேலூரில் நரம்பியல் வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்களில் இருவரைப் பார்த்தேன். இருவருக்கும் உடலின் எதிர்ப்பு சக்தியே மூளையைத் தாக்கியிருந்தது. ஆனால் வகை வேறு.

காட்பாடிப் பெண்ணுக்கு என்எம்டிஏ வகை, அதாவது மூளை நரம்புச் செல்களில் உள்ள என்எம்டிஏ ஏற்பிகளை உடலின் எதிர்ப்பொருளே (ஆன்டிபாடி) தாக்குவது. முதலில் தூக்கம் போனது, அப்புறம் பயம், சம்பந்தமில்லாத பேச்சு. காத்து கருப்பு என்று மந்திரித்திருக்கிறார்கள். பிறகு வலிப்பு, வெறும் வாய் மென்றுகொண்டே இருந்தது. இளம்பெண்களுக்கே இது அதிகம். சிலருக்குச் சினைப்பைக் கட்டி இருக்கும், அதை அகற்ற வேண்டும். இந்த எதிர்ப்பொருள் அடையாளம் காணப்பட்டதே 2007இல்தான். அதற்குமுன் எத்தனை பெண்களை மனநோயாளி என்றே ஒதுக்கியிருப்பார்களோ, நினைத்தாலே மனசு பதறுகிறது.

குடியாத்தம் பெரியவருக்கு எல்ஜிஐ1 வகை, அதாவது மூளையில் உள்ள அந்தப் பெயருடைய புரதத்தை எதிர்ப்பொருள் தாக்குவது. பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு வருவது. காபி டம்ளரைத் தூக்கும்போது முகமும் அதே பக்கத்துக் கையும் நொடிநேரம் வெட்டும். காபி வேட்டியில் சிந்தும். ரத்தத்தில் சோடியமும் குறைவு.

இருவருக்கும் ஸ்டீராய்டுதான் தொடக்கம். பெரியவரின் வெட்டு சீக்கிரம் அடங்கினாலும் ஞாபகமறதி மிஞ்சலாம். என்எம்டிஏவில் ஐசியூவே வாரக்கணக்கில் ஆகலாம். ஆனாலும் 2013இல் வெளிவந்த பெரிய ஆய்வில், இரண்டு ஆண்டுகளில் சுமார் 80 சதவீதம் பேர் நன்றாகத் தேறியிருந்தார்கள். அந்தப் பெண்ணின் அம்மாவிடம் முதலில் இதைத்தான் சொன்னேன்.