எண்ணெய்க் கிணற்று மோட்டார்: இண்டக்‌ஷனா, நிலைக்காந்தமா?

எண்ணெய்க் கிணற்றின் உறைக்குழாய்க்குள் இறங்கி, எண்ணெயை மேலேற்றும் பம்பைச் சுழற்றும் மோட்டார் பருக்க முடியாது; திறன் கூட வேண்டுமென்றால் நீளத்தான் வேண்டும். 1920களில் ஆர்மெய்ஸ் அருட்டுனோஃப் என்ற பொறியாளர் அமெரிக்காவில் நீர்மூழ்கிப் பம்பை நிலைநாட்டிய நாளிலிருந்து இந்த வேலைக்கு இரண்டு காந்த முனைகள் கொண்ட இண்டக்‌ஷன் மோட்டார்தான் வழக்கம். அதற்குப் போட்டியாக வந்திருப்பது நிலைக்காந்த மோட்டார். ரஷ்ய எண்ணெய் வயல்களில் அது ஏற்கெனவே பரவலாகப் புழங்குகிறது.

இண்டக்‌ஷன் மோட்டாரின் செயல்திறன் ஏறத்தாழ 80 முதல் 85 சதவீதம். நிலைக்காந்த மோட்டார் 90 சதவீதத்தைத் தாண்டும். ரோட்டாரில், அதாவது சுழலும் பகுதியில், மின்னோட்டத்தைத் தூண்டிக் காந்தப்புலம் உண்டாக்கும் செலவு அதற்கில்லை. காந்தம் அங்கேயே இருக்கிறது.

என் பார்வையில் பெரிய ஆதாயம் கேபிளில் இருக்கிறது. ஒரு கணக்கு: மோட்டாரின் சுழல்தண்டில் 100 கிலோவாட் தேவை, மும்முனை மின்சாரம், மின்னழுத்தம் 2,000 வோல்ட். செயல்திறன் 84 சதவீதம், பவர் ஃபேக்டர் (இழுக்கும் மின்னோட்டத்தில் உண்மையான வேலைக்குப் பயன்படும் விகிதம்) 0.85 உள்ள இண்டக்‌ஷன் மோட்டார் சுமார் 40 ஆம்பியர் இழுக்கும். 92 சதவீதமும் 0.95-ம் உள்ள நிலைக்காந்த மோட்டாருக்கு 33 போதும். கேபிள் இழப்பு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே அது மூன்றில் ஒரு பங்கு குறையும். இரண்டு கிலோமீட்டர் ஆழத்துக்குக் கேபிள் இறங்கும் கிணற்றில் இது சில்லறை விஷயமல்ல. ஊற்று குறைந்து, மோட்டார் பாதிச் சுமையில் ஓடும் காலத்திலும் நிலைக்காந்த மோட்டாரின் செயல்திறன் அவ்வளவாகச் சரிவதில்லை; இண்டக்‌ஷன் சரியும்.

ஆனால் நிலைக்காந்த மோட்டாரை நேரடியாக மின்சாரத்தில் மாட்டி ஓட்ட முடியாது; வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயம். அந்தக் கருவியும் தன் பங்குக்குச் சில சதவீதத்தை விழுங்கும். கடும் வெப்பம் காந்தத்தின் வலுவைக் குறைக்கும். ஆபத்தும் உண்டு: பம்பை நிறுத்தியபின் குழாயில் நிற்கும் திரவம் கீழே வழிந்தால் பம்பு பின்னோக்கிச் சுழலும். அப்போது மோட்டார் ஜெனரேட்டராகிவிடும். மேலே மின்சாரத்தைத் துண்டித்துவிட்டோம் என்று நம்பிக் கேபிள் முனையைத் தொடுபவருக்கு உயிராபத்து. மின்னழுத்தம் இல்லை என்று சோதித்து, கேபிளின் மூன்று முனைகளையும் ஒன்றாகப் பிணைத்த பிறகே கை வைக்க வேண்டும்.

வேகக் கட்டுப்பாட்டுக் கருவி ஏற்கெனவே இருக்கும், மின்சாரம் விலை கூடிய, ஆழமான கிணறு என்றால் நிலைக்காந்தத்தையே தேர்வேன். சில மாதங்களில் மூடப்போகும் கிணற்றுக்குப் பழைய மோட்டாரே போதும். பம்பே தேய்ந்து பாதிச் சக்தியை வீணாக்குகிறதென்றால், முதலில் மாற்ற வேண்டியது மோட்டாரை அல்ல, பம்பை.