பழைய ஃபியட் புன்டோ: எட்டு மாத அனுபவம்

2012 மாடல் டீசல் புன்டோவைக் கோவையில் ஒன்றே முக்கால் லட்சத்துக்கு வாங்கினேன். இத்தாலிய கார் வடிவமைப்பாளர் ஜுஜாரோவின் கைவண்ணம். பின்கண்ணாடிக்கு இருபுறமும் செங்குத்தாக ஏறும் அந்த விளக்குகளை, வண்டியை நிறுத்திவிட்டு நடக்கும்போதும் திரும்பிப் பார்க்கிறேன்!

வால்பாறைச் சாலையின் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஸ்டியரிங் கனமாக, கைக்கு அடங்கி நிற்கிறது. 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்றைத் தொட்டபிறகுதான் உற்சாகம் கொள்ளும். அதுவரை கியரை இறக்கி ஓட்டப் பழக வேண்டும்.

இங்கே ஃபியட் விற்பனை நின்றுவிட்டதே என்று தயங்கினேன். ஸ்விஃப்ட் டீசலிலும் இதே குடும்பத்து எஞ்சின்தான் என்பதால் மெக்கானிக்குக்குப் பஞ்சமில்லை. வெளிப்பாகங்கள்தான் சிரமம். பைக் இடித்து உடைந்த பக்கக் கண்ணாடிக்கு மூன்று வாரம் அலைந்தேன். அப்புறம், வாங்குமுன் விளக்கு, பம்பர் எல்லாம் முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள்.