எல்லாரும் ஆண்ட்ராய்டு 10: என் தளத்தின் லாக் கணக்கோடு 2009 முதல்

போன வாரம் கோழி வளர்ப்புக்குத் தளம் நடத்தும் தம்பி ஒருவர் கூப்பிட்டார். "அண்ணே, என் தளத்துக்கு வர்றவங்கள்ல முக்கால்வாசிப் பேர் ஆண்ட்ராய்டு 10னு காட்டுது. ஊர்ல எல்லாரும் 2019ல வந்ததையா இன்னும் வச்சிருக்காங்க?" அதை நம்பி, தளத்தைப் பழைய போனுக்கு ஏற்ற மாதிரி மாற்ற ஆளும் பேசிவிட்டாராம். முதலில் அந்த ஆளை நிறுத்தச் சொன்னேன். அப்புறம் ஒரு மணி நேரம் பேசினேன், பாதி நேரம் கோபமாக. அதையே கொஞ்சம் நிதானமாக இங்கே எழுதிவைக்கிறேன்.

ஆடு மாடு வளர்ப்பவர்களுக்காக 2009 முதல் ஒரு தமிழ்த் தளம் வைத்திருக்கிறேன். அன்றிலிருந்து கணக்குப் பார்ப்பது ஏடபிள்யூஸ்டாட்ஸ் (AWStats) என்ற நிரலில்தான். சர்வர் தானாக எழுதும் லாக்கை, அதாவது வருகைப் பதிவை, படித்து, எந்த இயங்குதளம், எந்த பிரவுசர், எந்தத் தேடுபொறி வழியாக வந்தார்கள் என்று பட்டியல் போடும். பக்கத்தில் தனி நிரல் எதையும் ஒட்ட வேண்டாம். இந்த எளிமைக்காகவே இதை விடவில்லை.

எனக்குத் தீராத எரிச்சல் தருவது ஒரே ஒரு வரி: "ஆண்ட்ராய்டு 10, கே". பிரவுசர் ஒவ்வொரு முறை பக்கம் கேட்கும்போதும் தன்னைப் பற்றி ஒரு வரி சொல்லி அனுப்பும். 2023ல் குரோம் 110 வந்த காலம் தொட்டு, ஆண்ட்ராய்டு குரோம் அந்த வரியில் உண்மையான பதிப்பையும் போன் மாடலையும் சொல்வதில்லை. போன் ஆண்ட்ராய்டு 15 ஆனாலும் சொல்வது 10. எந்தக் கம்பெனி போனானாலும் மாடல் இடத்தில் "கே" என்று ஓர் எழுத்து. கணினியிலும் இதே கதைதான். விண்டோஸ் 11ம் "விண்டோஸ் என்டி 10.0" என்றே வரும். மேக் எவ்வளவு புதிதானாலும் 10.15.7 என்கிறது. ஐபேட் 2019லிருந்தே தன்னை மேக் என்று சொல்லிக்கொள்கிறது. பிரேவ் தன்னைக் குரோம் என்கிறது.

பிரவுசர்கள் வேஷம் போடுவது புதிதில்லை. நெட்ஸ்கேப்புக்கு மட்டும் நல்ல பக்கத்தை அனுப்பிய சர்வர்களைத் தாண்டுவதற்காக இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் "மோசில்லா" என்று பெயர் போட்டுக்கொண்டது. இன்றைக்கும் ஏறக்குறைய எல்லா பிரவுசரும் "மோசில்லா 5.0" என்றுதான் பேச்சைத் தொடங்குகின்றன. ஆனால் அந்த வேஷத்துக்குப் பின்னால் ஆள் தெரிவார். இப்போது ஆளே தெரிவதில்லை.

ஆள் தெரிந்த காலத்தில் அது எவ்வளவு உதவியது என்று சொல்கிறேன். ஆரம்பத்தில் முதல் வரிசையில் விண்டோஸ் எக்ஸ்பி, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6. அதற்கப்புறம் ஓபரா மினி ஏறி வந்தது. அதில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்று நிறையப் பேர் மின்னஞ்சல் போட்டார்கள். 'ஓபரா:கான்ஃபிக்' என்று தட்டி, சிக்கலான எழுத்துகளுக்குப் படவடிவ எழுத்துரு என்ற வரியை 'யெஸ்' ஆக்கினால் தமிழ் வந்துவிடும். இதற்கென்றே தளத்தின் தலையில் ஒரு குறிப்பு போட்டிருந்தேன். அந்த எண்ணிக்கை குறைந்த பிறகுதான் எடுத்தேன்.

2018 வாக்கில் ஃபயர்பாக்ஸ் திடீரென்று ஏறியது. எனக்குச் சந்தோஷமும் சந்தேகமும் சேர்ந்து வந்தது. லாக்கைத் திறந்து வரி வரியாகப் பார்த்தால் "எல்ஒய்எஃப்" என்ற பெயர், ஃபயர்பாக்ஸ் 48, கடைசியில் "கைஓஎஸ்". 1,500 ரூபாய் முன்பணத்துக்குக் கொடுத்த ஜியோபோன்! பட்டன் போனில், உள்ளங்கைக்குள் அடங்கும் திரையில், மாட்டுக்கு மருந்து தேடியிருக்கிறார்கள். அன்று ராத்திரியே பெரிய படங்களையெல்லாம் எடுத்துவிட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் "உடனே செய்ய வேண்டியது" என்ற பகுதியை மேலே கொண்டுவந்தேன். அதே சமயம் "எஸ்எம்-ஜே200ஜி" என்ற மாடல் அடிக்கடி வந்தது. சாம்சங் ஜே2. செகண்ட்ஹேண்டில் ஒன்று வாங்கி மேசையில் வைத்துக்கொண்டேன். எந்தப் பக்கம் எழுதினாலும் முதலில் அதில் திறந்து பார்ப்பேன். அது இப்போதும் சார்ஜரில் இருக்கிறது.

யூசி பிரவுசர் 2020 ஜூனில் தடை ஆனபின் மெல்லத் தேய்ந்தது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

தேடுபொறிப் பக்கம் வருகிறேன். அங்கே பட்ட ஏமாற்றம் இதைவிடப் பழையது. முன்பெல்லாம் ஒருவர் என்ன தேடி வந்தார் என்ற சொற்களே லாக்கில் வரும். நான் பாடப்புத்தகத்தைப் பார்த்து "நஞ்சுக்கொடி தங்குதல்" என்று தலைப்பு வைத்திருந்தேன். பட்டியலில் ஒருநாள் "மாடு கன்னு போட்டு நஞ்சு விழல" என்று ஒரு வரி இருந்தது. லாக்கில் நேரத்தைப் பார்த்தேன்: விடியற்காலை 3 மணிக்கு மேல். கொட்டகையில் நின்றுகொண்டு தட்டியிருக்கிறார். மறுநாள் அந்தப் பக்கத்தின் தலைப்பை அவர் தட்டிய சொற்களுக்கே மாற்றினேன். கையை விட்டு இழுக்காதீர்கள், 12 மணி நேரத்துக்கு மேல் போனால் டாக்டரைக் கூப்பிடுங்கள் என்பதை முதல் வரியாக வைத்தேன். பின்னாளில் 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணையும் அதோடு சேர்த்தேன். "மடி கல்லு மாதிரி இருக்கு", "ஆடு வயிறு ஊதிருச்சு" என்று பாதித் தலைப்புகள் இப்படி வந்தவைதான்.

2011 அக்டோபரில், கணக்கில் நுழைந்து தேடுபவர்களின் தேடலை கூகுள் மறையாக்கம் செய்யத் தொடங்கியது. 2013ல் அது எல்லாருக்கும் ஆனது. சொற்கள் நின்றுபோயின, தேடுபொறியின் பெயர் மட்டும் மிஞ்சியது. கூகுள் தளக்காரர்களுக்குத் தரும் சர்ச் கன்சோலில் சொற்கள் கிடைக்குமே என்பீர்கள். கிடைக்கும், 16 மாதக் கணக்கு இருக்கும். ஆனால் மிகச் சிலரே தேடிய சொற்களை அது காட்டாது. எனக்கு வேண்டியதோ அந்த ஒருத்தர் தேடியதுதான். ஆயிரம் பேர் தேடும் "கறவை மாடு விலை" எனக்கு எதற்கு?

நியாயம் அந்தப் பக்கமும் இருக்கிறது. என் மகள் தன் உடம்புக்கு என்னவென்று தேடினால், அது முன்பின் தெரியாத தளக்காரரின் பட்டியலில் ஏறக்கூடாது. போன் மாடலையும் பதிப்பையும் இன்னும் சில விவரங்களையும் சேர்த்தால் ஒரு ஆளைத் தளத்துக்குத் தளம் பின்தொடரலாம், விளம்பரக்காரர்கள் அதைத்தான் செய்தார்கள். மறைத்தது சரிதான். சரி என்று ஒப்புக்கொண்டு உட்கார்ந்தாலும், அந்த "கே" வரியைப் பார்த்ததும் மறுபடி வயிறு எரிகிறது.

இதற்கு நடுவில் நான் எதிர்பாராத ஒன்று. வேஷம் குரோம் 110லிருந்து. ஆண்ட்ராய்டு 5 போன்கள் குரோம் 95லேயே நின்றுவிட்டன. ஆண்ட்ராய்டு 6 நின்றது 106ல். அவற்றுக்கு இந்த மாற்றம் போய்ச் சேரவே இல்லை. அதனால் இன்றைக்கு லாக்கில், குரோமைப் பொறுத்தவரை, தன் பெயரையும் மாடலையும் உள்ளபடி சொல்வது பழைய போன்கள்தான். தம்பியிடம் இதைத்தான் சொன்னேன்: "10ங்கிற வரியை விட்டுடுங்க. 5, 6ன்னு தனியா ஏதாவது வருதா, அதை மட்டும் எண்ணுங்க."

2024ல் எனக்கு அது கைகொடுத்தது. ஒரு தளத்தை பிரவுசர் நம்ப, தளம் ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். என்னுடையது லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு தரும் இலவசச் சான்றிதழ். அதைப் பழைய போன்களும் ஏற்க வழிசெய்த குறுக்குக் கையொப்பம் (பழைய போன்களுக்கு ஏற்கெனவே தெரிந்த வேறொரு அமைப்பின் ஒப்புதல்) அந்த செப்டம்பர் 30ல் காலாவதி. ஆண்ட்ராய்டு 7.1.1க்கு முந்தைய போன்களில் குரோம், பக்கத்துக்குப் பதில் எச்சரிக்கையைக் காட்டும். விட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டே ஒரு மாத லாக்கைத் திறந்தேன். ஜே200ஜி இருந்தது. அதுவும் நஞ்சு விழாத பக்கத்தில், மடிநோய்ப் பக்கத்தில். பழைய போன்களும் நம்பும் வேறொரு சான்றிதழைக் காசு கொடுத்து வாங்கினேன்.

தம்பி மதிப்பெண் கேட்டார். இயங்குதளக் கணக்குக்கு 10க்கு 3, பிரவுசருக்கு 4, தேடுபொறிக்கு 2. புதிதாகத் தொடங்குபவர் இதை நம்பி எந்த முடிவும் எடுக்க வேண்டாம் என்றேன். "அப்ப ஏடபிள்யூஸ்டாட்ஸ் போட வேணாமாண்ணே?" என்றார். போடுங்கள் என்றேன், இன்றைக்கே போடுங்கள், லாக்கை அழிக்காமல் வையுங்கள்.

போனை வைத்துவிட்டு நேற்றைய லாக்கைப் பார்த்தேன். ஆண்ட்ராய்டு 5.1.1, எஸ்எம்-ஜே200ஜி, அதிகாலை 2:40, நஞ்சுப் பக்கம், 200 என்று முடிந்திருந்தது. 200 என்றால் சர்வர் பக்கத்தைச் சரியாக அனுப்பிவிட்டது என்று அர்த்தம். சான்றிதழுக்கு அடுத்த வருடத்துக்கும் பணம் கட்டிவிட்டேன்.