பழைய நின்டெண்டோ கேசட்டுகள்: வாங்கும் விலையும் வைத்திருக்கும் செலவும்

சில ஆண்டுகளாகப் பழைய நின்டெண்டோ கேசட்டுகளை வாங்கி விளையாடி வருகிறேன். கையில் இருப்பதில் பெரும்பகுதி, கையடக்கக் கருவிகளான கேம்பாய், கேம்பாய் அட்வான்ஸ், டிவியில் இணைத்து ஆடும் சூப்பர் ஃபேமிகாம் ஆகியவற்றுக்கானது. கண்ணாடி அலமாரியில் பூட்டி வைப்பவன் இல்லை, விளையாடத்தான் வாங்குகிறேன். அந்தக் கணக்கில்தான் இந்த அனுபவத்தைச் சொல்கிறேன்.

விலை ஏறிவிட்டது என்று பொதுவாகப் புலம்புவதைவிட ஒரு விளையாட்டை எடுத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். 'மதர் 2' ஜப்பானில் 1994இல் வந்தது, நன்றாக விற்றது. அதுவே 1995இல் 'எர்த்பவுண்ட்' என்ற பெயரில், வழிகாட்டிப் புத்தகத்தோடு பெரிய பெட்டியில் அமெரிக்காவுக்குப் போனது. அங்கே சரியாக ஓடவில்லை. அதனால் பிரதிகள் குறைவு. இன்று பெட்டி, புத்தகம் எதுவும் இல்லாத வெறும் அமெரிக்கக் கேசட்டுக்கே சில நூறு டாலர் கேட்கிறார்கள். ஜப்பானியக் கேசட் அதில் சின்னப் பங்குதான். 2022 பிப்ரவரியில் இந்த விளையாட்டு நின்டெண்டோவின் ஸ்விட்ச் ஆன்லைன் என்ற இணையச் சந்தாவிலேயே வந்துவிட்டது. சரி, இனி கேசட் மலிவாகும் என்று பார்த்தால், அதன் மவுசு குறையவே இல்லை. அதாவது, அந்த விலையைக் கொடுப்பவர்களில் பலருக்கு விளையாட்டு தேவையில்லை, பொருள்தான் தேவை.

2021 ஜூலையில் பிரிக்கப்படாத 'சூப்பர் மாரியோ 64' பிரதி ஒன்று அமெரிக்க ஏலத்தில் 15.6 லட்சம் டாலருக்குப் போனது. ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற விளையாட்டு அது! அபூர்வம் என்றால் அந்த உறையும், தரம் பார்த்துப் போட்ட 9.8 மதிப்பெண்ணும்தான். அந்தச் செய்திக்குப் பிறகு பரணில் கிடந்த சாதாரணக் கேசட்டுக்கும் 'அரிய பொருள்' என்று தலைப்பு வைத்து விலை சொல்ல ஆரம்பித்தார்கள். எனக்கு இதில் எரிச்சல்தான்.

விளையாட மட்டும் வாங்குபவருக்கு நான் சொல்லும் வழி, பெட்டியில்லாத ஜப்பானியப் பிரதி. கேம்பாய்க்கும் கேம்பாய் அட்வான்ஸுக்கும் நாட்டுப் பூட்டு கிடையாது. அவற்றில் எந்த நாட்டுக் கேசட்டும் எந்த நாட்டுக் கருவியிலும் ஓடும். சூப்பர் ஃபேமிகாமுக்கு ஜப்பானியக் கருவியே வாங்கிவிடுவது நல்லது. ஒரு எச்சரிக்கை: அதற்கான ஜப்பானிய அடாப்டர் 100 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் அதோடு கதை முடிந்தது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மொழி? 'எஃப்-ஜீரோ'வுக்கு எழுத்தே தேவையில்லை, 'சூப்பர் மெட்ராய்டு' ஜப்பானியப் பிரதியிலும் ஆங்கிலம் இருக்கிறது. வசனம் படித்தே நகர வேண்டிய போக்கிமான் மாதிரியானவற்றில்தான் இந்த வழி உதவாது.

அங்கேதான் டூப்ளிகேட் தொல்லையும். 'போக்கிமான் எமரால்டு' ஒரிஜினல் என்று சொல்லி எனக்கு வந்த ஒன்று, உறையைப் பிரித்ததுமே சந்தேகம் தட்டியது. ஒரிஜினலில், கருவியில் செருகும் இணைப்புப் பற்களுக்குச் சற்று மேலே போர்டில் நின்டெண்டோ என்று அச்சாகியிருக்கும். முன்பக்க லேபிளில் அழுத்திப் பதித்த எண் ஒன்று வெளிச்சத்தில் சாய்த்தால் மங்கலாகத் தெரியும். இதில் இரண்டும் இல்லை. பணம் திரும்பி வந்தது, அனுப்பும் செலவு வரவில்லை. இப்போதெல்லாம் பின்பக்கமும் பற்களும் தெரிகிற படம் அனுப்பாத விற்பனையாளரிடம் வாங்குவதில்லை.

வாங்கிய பிறகு வரும் செலவைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. 'போக்கிமான் கோல்டு', 'சில்வர்' கேசட்டுகளுக்குள் சிஆர்2025 பேட்டரி இருக்கிறது. சேவ் செய்தது மொத்தமும் அதன் தயவில்தான் நிற்கிறது. கேசட்டுக்குள் ஓடும் கடிகாரத்துக்கும் அதே பேட்டரி என்பதால் சீக்கிரமே தீர்ந்துபோகும். தீர்ந்தால் சேவ் போச்சு. எமரால்டில் அப்படி இல்லை. சேவ் ஃப்ளாஷ் நினைவகத்தில் தங்கிவிடும், பேட்டரி போனால் கடிகாரம் மட்டும் நிற்கும், விளையாட்டில் நட்ட பெர்ரிச் செடி வளராது. கோல்டு, சில்வரில் பேட்டரி மாற்றுவதற்கு 3.8 மி.மீ. தனி ஸ்க்ரூடிரைவர், தகடு ஒட்டிய பேட்டரி, சால்டரிங் பழகிய கை மூன்றும் வேண்டும். நான் முதலில் ஜிபி ஆபரேட்டர் என்ற கருவியால் சேவ் செய்ததைக் கணினிக்கு எடுத்துவிட்டு, மாற்றிய பிறகு திரும்ப ஏற்றுகிறேன். கருவி மலிவில்லை. ஆனால் பல வருடச் சேவ் அழிவதற்கு அது மேல்.

சென்னைக் காற்றில் பற்கள் சீக்கிரம் கறுக்கின்றன. ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்தால் போதும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம்தான் உள்ளே போகும். டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு வைக்கிறேன்.

அப்புறம் அஞ்சல் செலவு, சுங்க வரி. மலிவான ஜப்பானியக் கேசட்டை ஒற்றையாக வரவழைத்தால் கேசட்டைவிட அனுப்பும் கட்டணம் கூடிவிடும். அதனால் ஜப்பானில் முகவரி தரும் இடைத்தரகர் மூலம் பலவற்றைச் சேர்த்து ஒரே பெட்டியாக எடுக்கிறேன். யென் மதிப்பு சரிந்தது கொஞ்சம் கைகொடுத்தது. அதே காரணத்தால் டோக்கியோவின் அகிஹபாரா கடைகளில் வெளிநாட்டுப் பயணிகள் கூட்டம் கூடி, நல்ல சரக்கு தட்டில் நிற்பதில்லை.

ஆங்கில எர்த்பவுண்டுக்கும் எமரால்டுக்கும் இனி பணம் போடுவதாக இல்லை. அவற்றை ஆட, விளையாட்டுக் கோப்புகளை ஏற்றிக் கேசட் போலச் செருகும் எவர்டிரைவ் ஃப்ளாஷ் கார்ட் இருக்கிறது. அடுத்த பெட்டியில் சூப்பர் ஃபேமிகாம் பந்தய விளையாட்டுகள் மட்டும்தான்.